அரைக் கிலோ கொழுந்தும் ஒரு சுளகும்

கோவையில் நாங்கள் ஆறேழு பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். அவரவர் தினமும் வீட்டில் போட்டுக் குடிக்கிற டீயை அன்று மற்றவர்களுக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் பேச்சு எப்படியும் ஊர், பாட்டி, அந்தக் காலம் என்று போய்விடும்.

கும்பகோணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக டிகிரி காபி குடித்த வீடு. காபி ஒத்துக்கொள்ளாமல் போனதும் டார்ஜிலிங் தேயிலைக்கு மாறினார், ஆனால் அதையும் பித்தளை ஃபில்டரில் போட்டுத்தான் இறக்குகிறார். “ஃபில்டரை மட்டும் விட முடியல சார், கை அதுக்கே போகுது” என்பார். கீழக்கரை அக்கா ஏலக்காய் நசுக்கிப் போட்ட கட்டன்சாயா கொண்டு வருவார். அவருடைய பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர், ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் தேயிலை இருக்குமாம். ஈப்போவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த தம்பி, டின்பால் ஊற்றித் தே தாரேக் ஆத்துவான். கை நீளத்துக்கு ஆத்தும்போது பாதி மாடித் தரைக்குப் போகும்.

என் முறை வந்த அன்று நான் போட்டது பாக்கெட் டஸ்ட் டீ, பால், தட்டிய இஞ்சி. எல்லோரும் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் கும்பகோணத்துக்காரர் கேட்டார்: “உங்க அம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்கன்னு சொன்னீங்களே. நீங்க ஏன் சார் டஸ்ட் குடிக்கிறீங்க?”

கேள்வியில் தப்பில்லை. ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்த ஆள். 1974இல், பதினாலு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகத்தை நடத்தியது. வந்த இடத்திலும் அதே கூடை, இடுப்பில் கட்டும் அதே சாக்குப் படங்கு. ஓய்வு பெறும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தார். எங்கள் வீட்டில் குடித்தது மட்டும் எப்போதும் தூள்தான். கொழுந்து நிறுவைக்குப் போகும், லாரி ஏறும், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை பேக்டரிக்குப் போகும். அதற்கப்புறம் அது என்ன ஆனது என்று எங்கள் வீட்டு டம்ளருக்குத் தெரியாது.

சரி, ஸ்டோர் இல்லாமல் தேயிலை செய்ய முடியாதா என்று யோசித்தேன். சிலோனில் தேயிலை தொடங்கியதே ஸ்டோர் இல்லாமல்தான். 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருடைய பங்களா வராந்தாதான் முதல் பேக்டரி. மேசையில் இலையைக் குவித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்து உருட்டுவார்கள், கம்பி வலைத் தட்டில் பரப்பிக் களிமண் அடுப்புக் கரி அனலில் காயவைப்பார்கள். மெஷின் எல்லாம் அப்புறம் வந்தது. மேசை என்னிடமும் இருக்கிறது, முழங்கையும் இருக்கிறது.

முதல் முயற்சி அக்டோபரில். அம்மா வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் படகர் ஒருவரின் தேயிலைத் துண்டு இருக்கிறது. “அரைக் கிலோதானே, எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். சமீபத்தில் மருந்து அடித்தாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இதை யாரும் கேட்காமல் விடாதீர்கள்: செய்து முடிக்கும்வரை இலையைக் கழுவ முடியாது. நானே பறித்தேன். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பறித்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் அமுக்கிக் கட்டி, பையில் போட்டு, பஸ் ஏறிக் கோவைக்கு வந்தேன். மேட்டுப்பாளையத்தில் டிராஃபிக். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் ஆவி அடிக்கிறது. கையை விட்டால் சூடு. நடுவில் இருந்த இலையெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அந்தச் சூடு வெளியே போக வழியில்லை என்றால் தன்னாலேயே வெந்துவிடும். விடாப்பிடியாக அதை உருட்டிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன். முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “கூடையில அமுக்கினாலே கங்காணி கத்துவான். நீ கவருல கட்டிப் பஸ்ல கொண்டு போனியா?” என்று சிரித்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கங்காணியிடம் நான் திட்டு வாங்கிய நாள் அது.

இரண்டாவது முயற்சி நவம்பரில், அம்மா வீட்டிலேயே. இலையை நகர்த்தாமல் நான் நகர்ந்துவிடுவது என்று முடிவு. 500 கிராம் நிறுத்து, கட்டிலில் வேட்டி விரித்துப் பரப்பினேன். வாட்டம் போடுவது என்பார்கள். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதில் ஒரு பங்கை மெதுவாக விட்டால்தான் இலை துவண்டு, உடையாமல் உருளும். வாசனைக்கான வேலைகளும் இலைக்குள் அப்போதுதான் தொடங்குகின்றன. நான் பரப்பிய இரவு கோத்தகிரியில் மூட்டம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. காலையில் நிறுத்தால் 430 கிராம். 70 கிராம்தான் போயிருக்கிறது. துணி மெத்தைமேல் கிடந்ததால் கீழ்ப்பக்கம் காற்றே படவில்லை.

போதாது என்று தெரிந்தும் பொறுமையில்லாமல் உருட்டினேன். சாறு முழங்கையில் வழிந்தது, இலை சுருளாமல் கிழிந்து கீரை மசியல் மாதிரி ஆனது. மூடி வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் பாதி பச்சை. வீட்டுக்குள் 16 டிகிரி, நிறம் எப்படி மாறும்? அந்தக் கடுப்பில் தோசைக்கல்லில் கொட்டி வறுத்தேன். ஓரம் கருகியது, நடு ஈரம். குடித்தபோது புகை, பச்சைவாடை, கசப்பு எல்லாம் வரிசையாக வந்தன. ஈப்போத் தம்பியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். மறுநாள், “அண்ணே, செடிக்குப் போட்டேன், செடி நல்லா இருக்கு” என்றான்.

இரண்டு முறை தோற்றதும்தான் அம்மாவை உட்கார வைத்து ஒழுங்காகக் கேட்டேன். ஸ்டோருக்குள் போயிருக்கிறாயா, என்ன பார்த்தாய்? அவர் ஸ்டோரில் வேலை செய்ததில்லை. ஆனால் ஹட்டனில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பாவுக்குச் சோறு கொண்டு போவாராம். “மேல் மாடி முழுக்கச் சாக்குத்துணிய இழுத்துக் கட்டியிருப்பாங்க, தட்டு தட்டா. அதுல கொழுந்து தூவியிருக்கும். கீழருந்தும் காத்து போகும்ல. ஜன்னல் சுத்தியும் இருக்கும். மழை நாள்ல மூடிடுவாங்க. ரொட்டி வாசனை மாதிரி ஒண்ணு வரும்.” எனக்கு வேண்டியதெல்லாம் இந்த நாலு வரியில் இருந்தது. நான் மூன்று மாதம் எங்கெங்கோ படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முயற்சி ஜனவரி. வேண்டுமென்றே காத்திருந்தேன். நீலகிரியில் மழை ஓய்ந்து, இரவு குளிர்ந்து, பகல் காய்கிற காலம். செடி மெதுவாக வளரும், தளிர் குறைவு, ஆனால் வாசனைத் தேயிலைக்கு இந்த மாதங்கள்தான் என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். இந்த முறை அம்மாவும் தோட்டத்துக்கு வந்தார். நான் நாற்பது நிமிஷத்தில் 150 கிராம் பறித்தேன். மிச்சம் 350 கிராமை அவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், அதிலும் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டே. “நகம் வைக்காதே. பெருவிரல வச்சு ஒடி, தானா வரும்” என்று ஒரு தடவை காட்டினார். நகம் பட்ட இடம் கறுக்கிறது. ஒடித்த இடம் கறுக்கவில்லை. நூறு தளிரை எண்ணி நிறுத்துப் பார்த்தேன்: 55 கிராம். அப்படியானால் அரைக் கிலோவில் தொள்ளாயிரம் தளிருக்கு மேல்.

கட்டிலிலிருந்து மெத்தையை எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தில் ஒரு பழைய சாக்குத்துணியை இழுத்துக் கட்டினோம். அம்மாவின் படங்குதான், துவைத்து மடித்து வைத்திருந்தார். இலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவினோம். காலை 10 மணி. மறுநாள் விடிகாலை 5 மணிக்கு எழுந்து நிறுத்தேன்: 318 கிராம். இலையைக் கைப்பிடியில் அழுத்தித் திறந்தால் பந்து மாதிரி நிற்கிறது, உடனே விரியவில்லை. காம்பை மடித்தால் டப்பென்று ஒடியாமல் வளைகிறது. அறையில் பச்சைவாடை போய், கொய்யாப்பழம் மாதிரி ஏதோ ஒரு வாசனை. அம்மா மூக்கருகே ஒரு பிடி கொண்டு போய், “இதுதான், ஸ்டோர் வாசனை” என்றார்.

உருட்டுவதற்கு மேசையை விட்டுவிட்டுச் சுளகை எடுத்தேன். மூங்கில் பின்னலின் மேடுபள்ளம் இலையைப் பிடித்துக்கொள்கிறது, வழுக்க விடவில்லை. உருட்டு மெஷினின் அடித்தட்டில் பட்டைபட்டையாக மேடு வைத்திருப்பதும் இதற்காகத்தான். இரண்டு உள்ளங்கையாலும் ஒரே திசையில், சப்பாத்தி மாவை உருட்டுவதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. பத்து நிமிஷம் உருட்டி, கட்டிகளை உதிர்த்து, ஆறவிட்டு, மறுபடி. இப்படி நாலு சுற்று. இரண்டாவது சுற்றில் இலை ஒட்ட ஆரம்பிக்கும், மூன்றாவதில் மெல்லிய கயிறாகத் திரியும். சாறு சொட்டக் கூடாது, இலைமேல் பிசுபிசுவென்று பூசினாற்போல் இருக்க வேண்டும்.

என் உள்ளங்கை பழுப்பேறிவிட்டது. சோப்பு, எலுமிச்சை எதற்கும் போகவில்லை. சின்ன வயதில் அம்மாவின் விரல் நுனியில் இருந்த கறுப்பு, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அவர் முந்தானைக்குள் மறைத்துக்கொண்ட கறுப்பு, இதுதான். கொழுந்துக் கறை. எனக்கு அரைக் கிலோவுக்கே ஐந்து நாள் இருந்தது.

அடுத்தது சிவக்க வைப்பது. ஃபெர்மென்டேஷன் என்று பேக்டரியில் சொன்னாலும் இட்லி மாவு புளிப்பது போன்ற சங்கதி அல்ல இது, கிருமிக்கு இதில் வேலை இல்லை. இலைக்குள் பாலிஃபீனால் ஓர் அறையில் இருக்கிறது, நொதி வேறோர் அறையில் இருக்கிறது. உருட்டும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றுப் பட்டதும் நிறம் மாறுகிறது. நறுக்கிய கத்தரிக்காய் பழுப்பாவதும் இதே வேலைதான். அப்படி உண்டாகிற நிறப்பொருள்களில் தியாஃபிளேவின் கூடினால் டீயில் பளபளப்பும் விறுவிறுப்பும், தியாரூபிஜின் கூடினால் நிறமும் கனமும். நேரம் போதாவிட்டால் பச்சை, மீறினால் சப்பென்று ஆகிவிடும். சூடு 25 டிகிரியை ஒட்டி வேண்டும், காற்றில் ஈரமும் வேண்டும்.

16 டிகிரி வீட்டில் இதற்கு என்ன செய்வது? ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கியிருந்தேன். உள்ளே ஒரு சொம்பு வெந்நீர், மேலே தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு இலை, அதன்மேல் தொடாமல் நனைத்த துணி. மீன்தொட்டிக்கு வாங்கிய தெர்மாமீட்டரைச் செருகிவைத்தேன். 23க்கும் 26க்கும் நடுவில் நின்றது. காற்றுக்காக இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மூடினேன். ஒரு மணி நேரத்தில் பச்சையும் செம்புமாகக் கலந்த நிறம். இரண்டு மணி நேரத்தில் புளிபோட்டுத் தேய்த்த செம்புக்குடம். பச்சைவாடை போய்ப் பழ வாசனை மேலே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 2 மணி 10 நிமிஷத்தில் எடுத்தேன்.

காயவைக்கக் கரி அடுப்பு. கரி முழுக்கக் கனிந்து, மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகுதான் சல்லடையை வைத்தேன், இல்லையென்றால் புகை ஏறிவிடும். சல்லடைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அங்கே கிட்டத்தட்ட 95 டிகிரி காட்டியது. கை வைத்தால் சுடும், ஆனால் உடனே எடுக்கத் தோன்றாது, அந்தப் பதம். இலையைக் கிளறிக்கொண்டே இருபத்தைந்து நிமிஷம். செம்பு நிறம் கறுப்பாகிக்கொண்டே வந்தது. எடுத்து ஆறவிட்டு, அனல் தணிந்ததும் மறுபடி பதினைந்து நிமிஷம். ஒரு சுருளை விரலில் நசுக்கினால் பொடியாக வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கடைசி நிறை: 108 கிராம். 500க்கு 108. பேக்டரியிலும் ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ கொழுந்து என்று சொல்கிற கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பாதி இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

அன்றே போட்டுக் குடித்தேன், கரகரவென்று முரட்டுத்தனம். மனம் உடைந்துபோய் டின்னில் போட்டு மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்து போட்டால் வேறு தேயிலை. புதுத் தேயிலையைக் கொஞ்சம் உட்கார விட வேண்டும் போலிருக்கிறது.

போடுகிற அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை ருசி பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு தரவிதி உண்டு: 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிஷம். அது குறை கண்டுபிடிக்கப் போடுகிற டீ, குடிக்க அல்ல. நான் 150 மில்லிக்கு 2.5 கிராம் போடுகிறேன், கோவையில் மூன்றரை நிமிஷம். கோத்தகிரியில் ஐந்து நிமிஷம் வேண்டியிருக்கிறது. 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதற்குமேல் சூடு ஏறாது. மலையில் எல்லோரும் தூளைத் தண்ணீரோடு போட்டு நின்று கொதிக்கவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை மாடியில் போட்டேன். கும்பகோணத்துக்காரர் வாய்க்குள் சுழற்றிக் குடித்துவிட்டு, “பின்னால தேன் மாதிரி ஒண்ணு வருது சார், ஆனா முன்னால ஒண்ணுமே இல்லையே” என்றார். நியாயமான விமர்சனம். கையால் உருட்டும் அழுத்தம் போதவில்லை, செல் முழுக்க உடையவில்லை, அதனால் விறுவிறுப்பு குறைவு. கீழக்கரை அக்கா ஏலக்காய் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், ஆனாலும் போட்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. டஸ்ட் ஏன் குடிக்கிறீர்கள் என்று அன்று கும்பகோணத்துக்காரர் கேட்டாரே, அதற்கும் பதில் கிடைத்திருந்தது. இலையை வெட்டி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. மெஷினின் துகளும், அதைவிடப் பொடியான டஸ்டும் கொதித்ததுமே நிறம் விடும், பாலில் நிற்கும், ஒரு கிலோவில் அதிகக் கோப்பை வரும். நாலு பிள்ளைகள் உள்ள லயத்து வீட்டில் வேறு எதை வாங்குவார்கள்? டஸ்ட் டீயை நான் இன்றும் விடவில்லை. காலை ஆறு மணிக்கு அதுதான்.

அம்மாவுக்கென்று ஒரு பங்கு டின்னில் வைத்திருந்தேன். மாசியில் போனபோது கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொடுத்தேன். அவர் சீனியை டம்ளரில் போடவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். சிலோன் பழக்கம், வெறுந்தேத்தண்ணி என்றால் இன்றும் அப்படித்தான்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாலுக்கு நிக்காது.”

டம்ளரைக் கழுவப் போனவர் வடிகட்டியைத் தட்டாமல் நின்றுவிட்டார். கொதிநீரில் ஊறிய இலைகள் விரிந்து, செம்பு நிறத்தில், கிட்டத்தட்ட பறித்தபடியே கிடந்தன. ஒரு தட்டில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு. காம்பில் ஒடித்த இடம்கூடத் தெரிந்தது. அவர் பறித்த கொழுந்து, டீயாகி முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்க்கிறார். தட்டின் ஒரு பக்கம் சிலதையும் மறுபக்கம் சிலதையும் ஒதுக்கிக்கொண்டே வந்தார். என்னம்மா பிரிக்கிறாய் என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் முத்தல். காம்பு நீளமா இருக்கு பாரு, நகம் வேற பட்டிருக்கு.”

எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. யார் பறித்தது என்று அவர் கேட்கவில்லை.